ஒரு கடல்விலங்கின் ஆங்கிலப் பெயரும் அதனை ஒலிக்கும் முறையும்

தமிழாசிரியன் ஒருவன் ஆங்கிலச் சொல்லொன்றின் உச்சரிப்பைப் பற்றி எழுதப் புகுவது, இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தன் தொழிலை விட்டுப் பிறர் தொழிலிற் புகுந்தான் என்று ஆங்கில ஆசிரியர்களும் எண்ணலாம். அவ்வாறன்று. எழுத்தொலிகள் எங்கே பிறக்கின்றன, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் அவற்றின் பொருட்டு எவ்வாறு தொழிற்படுகின்றன என்னும் ஆராய்ச்சி தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியர் அதற்கெனப் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்தார். ஆகவே, சொல் வேற்றுமொழியினதாயினும், அதனைத் தமிழ் நா எவ்வாறு ஏற்கும், எங்கே இடறும் என்று எடுத்துரைத்தல் தமிழாசிரியன் கடமைக்குப் புறம்பானதாகாது.

ஈண்டு ஆராயப் புகுந்த சொல் நம் புத்தளக் கரைக்கு அந்நியமானதுமன்று. டி, யூ, ஜி, ஓ, என், ஜி என்னும் ஆறு எழுத்துகளால் ஆங்கிலத்தில் எழுதப்படும் அச்சொல், கடற்பசு என நாம் கூறும் விலங்கின் பெயராகும். அதனை மாணவர்கள் பலவாறு ஒலிக்கக் கேட்டிருக்கிறேன். 'டக்கொங்' என்பார் ஒரு சாரார். 'டுகாங்கு' என்பார் மற்றொரு சாரார். 'டியூஜொங்' என்பாரும், 'டியூகோங்' என ஈற்றயலை நீட்டுவாரும் உளர். இவற்றுள் எது பொருந்தும், எது பொருந்தாது, பொருந்தாமைக்குக் காரணம் யாது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறொன்றும் உண்டு. அது இறுதியில் வரும்.

விலங்கும் அதன் பெயர்களும்

முதலில் பெயருக்குரிய விலங்கை அறிதல் வேண்டும். கடற்பசு மீனன்று, கன்றீன்று பாலூட்டும் விலங்கு. நுரையீரலால் மூச்சு விடுவதாதலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உள்வாங்கிச் செல்லும். வளர்ந்த கடற்பசு ஏறத்தாழ 3 மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் நிறையும் உடையது. ஆழமற்ற, அலையடங்கிய நீரில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. அது மேய்ந்து சென்ற இடத்தில், ஏர் உழுத சால்போலக் கடலடியில் ஒரு தடம் காணப்படும். நிலத்து விலங்குகளுள் அதற்கு நெருங்கிய உறவுடையது யானையே.

நம் ஊரின் களப்பு, ஒல்லாந்தக் குடா, போர்த்துக்கல் குடா, கற்பிட்டியின் வடபால் மன்னார் வரை நீளும் கடல் ஆகிய இவை அதற்கு ஏற்ற மேய்ச்சல் நிலங்களாக நெடுங்காலம் இருந்து வந்தன. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற் என்பார், 1859 இல் வெளியிட்ட 'சிலோன்' என்னும் பெருநூலில் இவ்விலங்கைப் பற்றி எழுதியுள்ளார். கற்பிட்டிக் குடா தொடங்கி இராமர் அணை வரையுள்ள அமைதியான நீர்ப்பரப்புகளில் இது காணப்படுவதாக அவர் குறித்தார். தாய் தன் கன்றை ஒரு துடுப்பால் மார்போடு அணைத்துக்கொண்டு நீருக்கு மேல் தலை தெரியப் பாலூட்டும் காட்சியே, கடற்கன்னி என்னும் கதைக்கு வித்திட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1560 இல் மன்னாரில் ஏழு கடல்மாந்தர் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர் எனவும், அங்கே அரசப் பிரதிநிதியின் மருத்துவர் அவர்களை அறுத்துச் சோதித்தார் எனவும் ஒரு பழங்குறிப்பையும் அவர் எடுத்துக் காட்டுகின்றார். அவர்கள் மாந்தருமல்லர், கன்னியருமல்லர். கடற்பசுக்களே என்பது இன்று நமக்கு விளங்குகின்றது.

இவ்விலங்குக்குத் தமிழிற் பெயர் இல்லாமலில்லை. மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை ஆகியவற்றின் கரைகளில் வாழும் மீனவர் இதனை ஆவுளியா என்பர். கடற்பசு என்னும் பெயரும் பரவலாக வழங்குகின்றது. சிங்களத்தில் 'முகுது ஊரா' என்பர். கடற்பன்றி என்பது அதன் பொருள். ஒரே விலங்கை ஒருவர் பசுவாகவும் மற்றொருவர் பன்றியாகவும் கண்டனர். மேய்ச்சலை நோக்கியவர் பசு என்றனர் போலும். உடலின் பருமையையும் முகத்தின் அமைப்பையும் நோக்கியவர் பன்றி என்றனர் போலும்.

பெயர் நடந்து வந்த வழி

ஒரு சொல்லைச் சரியாக ஒலிக்க விரும்புவோர் அது நடந்து வந்த வழியையும் சிறிது அறிதல் நன்று. 'டக்கொங்' என்னும் ஒலிப்பு எவ்வாறு எழுகின்றது? தோண்டினான் எனப் பொருள்படும் 'டக்' என்னும் ஆங்கில இறந்தகால வினை, இப்பெயரின் முதன்மூன்று எழுத்துகளையே உடையது. அதனைக் கற்ற மாணவன் அப்பழக்கத்தால் இதனையும் அவ்வாறே படிக்கின்றான். படிப்பது இயல்பே. ஆயின், இப்பெயர் ஆங்கிலத்தில் பிறந்ததன்று; தோண்டுதலோடு இதற்கு யாதொரு தொடர்புமில்லை.

தென்கிழக்காசியத் தீவுகளிற் பேசப்படும் உறவுமொழிகள் பலவற்றில் இவ்விலங்கின் பெயர் ஒத்த வடிவில் வழங்குகின்றது. மலாய் மொழியில் 'டுயொங்' என்பர். பிலிப்பைன் தீவுகளின் மொழியொன்றில் 'டுகுங்' என்பர். பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞராகிய பியூபோன், 1765 இல் வெளிவந்த தம் இயற்கை வரலாற்று நூற்றொகுதியில் 'டுகொன்' என்று எழுதினார். 1776 இல் ஜேர்மானியராகிய மியுல்லர் அச்சொல்லையே விலங்கியற் பெயரின் பகுதியாக்கினார். இன்றும் அறிவியலார் இதனை 'டுகொங் டுகொன்' என்றே வழங்குகின்றனர். ஆங்கிலேயர் அதனைத் தம் மொழிக்கு எடுத்தாண்டபோது, தம் எழுத்துமுறைக்கும் நாவுக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டனர்.

ஆகவே, ஆங்கிலேயரும் இச்சொல்லைக் கடன் வாங்கியவரே. தீவுவாசிகள் வாயிலிருந்து பிரெஞ்சுக்காரர் எழுதுகோலுக்கும், அங்கிருந்து ஆங்கிலேயர் நாவுக்கும் வந்த சொல், வந்த ஒவ்வொரு படியிலும் சிறிது திரிந்தது. இதனை மனத்திற் கொள்வோமாக. பின்னர் இது பயன்படும்.

ஒலிக்கும் முறை

நிற்க. ஆங்கிலத்தில் இப்பெயரை ஒலிக்கும் முறையைக் காண்பாம். ஆங்கில அகராதிகள் இரண்டு ஒலிப்புகளை ஏற்றுக்கொள்கின்றன. ஒன்று 'டூகொங்', மற்றொன்று 'டியூகொங்'. கடமை என்னும் பொருளில் 'டியூட்டி' என நாம் சொல்லும் சொல்லின் முதலொலியே பின்னதன் முதலொலி. அமெரிக்கர் பெரும்பாலும் 'டூ' என்பர். பிரித்தானியரிடத்து இரண்டும் உண்டு. ஆகவே, இவ்விரண்டில் எதனைச் சொன்னாலும் பிழையில்லை. ஒருவர் 'டூ' எனவும் மற்றொருவர் 'டியூ' எனவும் கூறித் தம்முள் வழக்காடுதல் வேண்டா.

இனி, தமிழ் நா இடறும் இடங்கள் ஐந்து. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவாம்.

முதலாவது, சொல்லின் முதலெழுத்து. டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. அதனால் இவ்வொலியில் தொடங்கும் சொல்லை நாம் ஒலிக்கும்போது, சொல்லின் இடையில் வரும் டகரத்தையே கொண்டுவந்து முதலில் நிறுத்துகின்றோம். 'பாடு', 'ஓடு' என்னுமிடங்களில் நா நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுகின்றது. ஆங்கில டி அவ்வளவு வளைந்து பிறப்பதன்று. 'தாய்' என்னும் தகரம்போலப் பல்லின் அடியிலும் பிறப்பதன்று. இரண்டுக்கும் இடையே, மேற்பல்லின் பின்னுள்ள மேட்டில் பிறப்பது. அந்த இடம் தமிழருக்குப் புதியதோ எனின், அன்று. டகர ணகரங்களுக்கு ஓரிடமும், தகர நகரங்களுக்கு ஓரிடமும், றகர னகரங்களுக்கு மற்றோரிடமும் எனத் தொல்காப்பியர் மூன்றாகப் பகுத்துக் காட்டியுள்ளார். 'நான்' என்று சொல்லி முடிக்கும்போது நா நுனி எங்கே நிற்கின்றதோ, அங்கேதான் ஆங்கில டி பிறக்கின்றது. மாணவர் இதனை உடனே சோதித்துப் பார்க்கலாம். 'நான்' என்று கூறி, நாவை எடாது அவ்விடத்திலேயே வைத்து, அங்கிருந்து 'டூ' என்று விடுக. ஒலி தானே திருந்தும்.

ஈழத்தவர் ஆங்கிலத்தின் 'ரீ' என்னும் எழுத்தொலியை ரகர றகரங்களால் எழுதுவதன் நுட்பமும் இதனால் விளங்கும். தமிழகத்தார் டிக்கெட், டயர் என எழுதுபவற்றை நம்மவர் ரிக்கற், ரயர் என எழுதுவர். றகரத்தின் பிறப்பிடமும் அவ்வாங்கில ஒலியின் பிறப்பிடமும் ஒன்றெனக் கண்ட நுண்செவியர் நம் முன்னோர். ஆனால் டி என்னும் ஒலிக்கு அத்தகைய எழுத்து அவர்க்குக் கிட்டவில்லை; டகரத்தையே கொண்டனர்.

இரண்டாவது, இடையில் நிற்கும் ககரம். தமிழில் இரண்டு உயிர்களுக்கிடையே வரும் ககரம் மெலிந்தொலிக்கும். 'அகம்', 'பகல்' என்னும் சொற்களை ஒலித்துப் பார்ப்போர் இதனை உணர்வர். அப்பழக்கத்தில் 'டியூகொங்' என்பதைப் படித்தால், 'டியூஹொங்' என்பதற்கு அண்மையில் ஓர் ஒலி பிறக்கின்றது. ஆங்கிலத்தில் அது வலிந்து, அடைத்து ஒலிக்க வேண்டிய ககரம். 'தங்கம்' என்னும் சொல்லில் ஙகரத்தின் பின் வரும் ககரம் எதுவோ அதுவே. எழுத்து ஒன்றாயினும் இடத்துக்கு இடம் ஒலி மாறுவது தமிழின் இயல்பு; அதனைக் குறையென்று கூறுவார் தமிழின் எழுத்தமைதி அறியாதவர். ஆயினும், பிறமொழிச் சொல்லை ஒலிக்கும்போது அவ்வியல்பை நினைவிற்கொண்டு நாவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். ஜகரமாக ஒலித்து 'டியூஜொங்' என்பது மட்டும் ஒருவாற்றானும் பொருந்தாது.

மூன்றாவது, ஈற்றயலில் நிற்கும் உயிர். அது நெடிலன்று, குறிலே. ஆதலின் 'கோங்' என நீட்டுதல் பிழை. அவ்வுயிர் முற்றிலும் நம் ஒகரமுமன்று, ஆகாரமுமன்று. இதழைச் சிறிது குவித்து, வாயைச் சற்று அகலத் திறந்து சொல்வது. இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகக் கூறுவாம்.

நான்காவது, இறுதி மெய். ஙகர மெய் தமிழில் மொழிக்கு ஈறாவதில்லை. அது தன் இனமாகிய ககரத்தோடு சேர்ந்தே பெரும்பாலும் வரும்: சங்கு, பங்கு, நுங்கு. எனவே, ஙகரத்தில் முடியும் அயற்சொல்லைக் கேட்டவுடன் நம் நா துணைக்கு ஒரு 'கு'வைத் தேடுகின்றது. 'டுகாங்கு' எனப் பிறப்பது அதனால். இதனைத் திருத்தும் வழி எளிது. 'சங்கு' என்று தொடங்கி, 'கு' பிறக்குமுன் நிறுத்துக. அல்லது 'அங்ஙனம்' என்னும் சொல்லைக் கூறி, 'அங்' என்ற அளவில் நின்று பார்க்க. அந்த ஙகரமே ஆங்கிலச் சொல்லின் ஈறு. எழுத்தில் ஜி நிற்பினும் செவிக்கு அது தனியே கேட்பதில்லை.

இதற்கு மாறானதையும் அறிதல் நன்று. கீரியை ஆங்கிலத்தில் 'மொங்கூஸ்' என்பர். அங்கே ஙகரத்தின் பின் ககரம் தெளிவாக ஒலிக்கும். எழுத்திலே என், ஜி என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்பினும், ஒன்றில் ககரம் கேட்கின்றது, மற்றொன்றில் கேட்பதில்லை. ஆங்கில எழுத்தைக் கண்டு மட்டும் ஒலியைத் துணிதல் ஆகாது என்பதற்கு இவ்விரண்டு விலங்குகளுமே சான்று.

ஐந்தாவது, அழுத்தம். தமிழிற் சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒத்த வலியுடன் ஒலிப்போம். ஆங்கிலத்தில் ஓரசை எடுத்தும் ஓரசை படுத்தும் ஒலிக்கப்படும். இப்பெயரில் அழுத்தம் பெறுவது முதலசை. 'டியூ' என்பதை எடுத்து ஒலித்து, 'கொங்' என்பதைத் தாழ்த்திக் குறுக்கி விடுக. இந்த ஐந்தையும் நாட்டிற் கொண்டு பத்து முறை சொல்லிப் பழகினால், ஆங்கிலேயன் ஒருவன் அருகிருந்து கேட்பினும் குறை கூற இடமிராது.

டியூகொங்கா, டியூகாங்கா?

இங்கே பழைய மாணவர் பலர் கேட்கக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களிலும் நாளிதழ்களிலும் இப்பெயர் 'டியூகாங்' அல்லது 'டுகாங்' என அச்சாகின்றது. நம் நாட்டில் 'டியூகொங்', 'டுகொங்' என எழுதப்படுகின்றது. யார் பிழை செய்தவர்?

ஒருவரும் அல்லர். இவ்வேறுபாடு இச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. நாம் டொக்டர் என்பதைத் தமிழகத்தார் டாக்டர் என்பர். நாம் கொலிஜ் என்பதை அவர்கள் காலேஜ் என்பர். மேலே சொன்னவாறு, அவ்வாங்கில உயிருக்கு இரண்டு இயல்புகள் உண்டு: இதழ் குவிதல் ஒன்று, வாய் அகலத் திறத்தல் ஒன்று. ஈழத்தார் இதழ் குவிந்ததைக் கேட்டனர், ஒகரமாக எழுதினர். தமிழகத்தார் வாய் திறந்ததைக் கேட்டனர், ஆகாரமாக எழுதினர். தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஓருயிரை இருசாராரும் தத்தம் செவிக்கேற்ப அருகிலுள்ள எழுத்தால் பிடித்தனர். அமெரிக்கர் வாயிற் கேட்டால் தமிழகத்தார் எழுதியது பொருத்தமாகத் தோன்றும். பிரித்தானியர் வாயிற் கேட்டால் நாம் எழுதியது பொருத்தமாகத் தோன்றும்.

கடல் கடந்து சென்று வாழும் நம் பழைய மாணவர்களின் பிள்ளைகள் தமிழகத்து வழக்கையே அங்கே மிகுதியாகக் கேட்கின்றனர். அவர்கள் ஊருக்கு வரும்போது பாட்டனும் பேரனும் ஒரே சொல்லை இருவிதமாக ஒலிப்பர். அதன் பொருட்டு ஒருவரையொருவர் நகைத்தல் வேண்டா.

நாம் கொடுத்த பெயர்கள்

கடன் வாங்குவோர் மட்டுமா நாம்? ஆங்கிலத்திற்குப் பெயர் கொடுத்தவரும் ஆவோம். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பு நெடுங்காலம் நடைபெற்றது. அச்சங்கை ஆங்கிலேயர் தம் அரசாங்க ஏடுகளில் 'சாங்க்' என எழுதினர். நம் சங்கின் உகரம் அவர்கள் நாவிற் கரைந்து போயிற்று.

தென்னமெரிக்க ஆற்றோரங்களில் வாழும் பெரும்பாம்பை உலகமெல்லாம் 'அனகொண்டா' என்கின்றது. 1693 இல் ஜோன் ரே என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட பாம்புப் பட்டியலில் அப்பெயர் இலங்கைப் பாம்பொன்றின் பெயராகவே முதலிற் காணப்படுகின்றது. ஆனைக்கொன்றான் என்னும் தமிழ்த்தொடரின் திரிபாகலாம் என்றார் ஹென்றி யூல். ஹெனகந்தயா என்னும் சிங்களப் பெயரின் திரிபு என்பார் வேறு சிலர். எதுவாயினும், இந்நாட்டிலிருந்து சென்ற பெயர் இந்நாட்டில் இல்லாத பாம்புக்கு உரியதாயிற்று. தெலுங்கிற் பன்றியெலி எனப் பொருள்படும் 'பந்திகொக்கு' ஆங்கிலத்திற் 'பண்டிகூட்' ஆயிற்று. நம் பெருச்சாளியைக் குறித்த அச்சொல், அவுத்திரேலியாவிலே வேறொரு பைம்மா விலங்குக்கும் சூட்டப்பட்டது. கீரியின் ஆங்கிலப் பெயர் மராட்டியத்தின் 'மங்கூஸ்' என்பதிலிருந்து வந்தது. வாத்தினத்தைச் சார்ந்த 'கூஸ்' பன்மையிற் 'கீஸ்' ஆகும் என்று கற்ற மாணவர், கீரிகளை 'மொங்கீஸ்' என்பதுண்டு. அது தவறு. இரண்டுக்கும் ஈற்றொலி ஒத்ததேயன்றி உறவில்லை. 'மொங்கூசஸ்' என்பதே பன்மை.

விலங்குகளை விடுவோம். நம் ஊர்களையே எடுத்துக்கொள்வோம். கற்பிட்டி ஐரோப்பியர் ஏடுகளிற் 'கல்பென்ரின்' ஆயிற்று. சிலாபம் 'சிலோ' ஆயிற்று. மட்டக்களப்பு 'பற்றிக்கலோ' ஆயிற்று. யாழ்ப்பாணம் 'ஜஃப்னா' ஆயிற்று. இவற்றை அவ்வாறு ஒலித்த ஆங்கிலேயன் எவனும் அதன் பொருட்டு வெட்கித் தலைகுனிந்ததாக நாம் அறியோம். தன் நாவுக்கு இயன்றதைச் சொன்னான். தன் காரியத்தை முடித்தான்.

ஒரு வினாவிடைப் போட்டி

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைகளுக்கிடையே நடைபெற்ற வினாவிடைப் போட்டி ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி யாது என்பது வினா. கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த மாணவன் முதலில் எழுந்தான். நூலிற் படித்த ஆங்கிலப் பெயரைச் சொல்ல முயன்று 'டக்கொங்' என்றான். அவையில் ஒரு நகைப்பு எழுந்தது. நடத்துநரும் முறுவலித்து, அடுத்த பக்கத்தாரை நோக்கினார். அங்கிருந்த மாணவன் ஒலி பிசகாமற் சொன்னான், புள்ளியைப் பெற்றான்.

திரும்பி வரும் வழியில் அம்மாணவனிடம் அவ்விலங்கைப் பற்றிக் கேட்டேன். அதன் வால் சுறாவின் வாலைப்போல் நிமிர்ந்து நில்லாது, தட்டையாய் இருபுறமும் விரிந்திருக்கும் என்றான். அது மேய்ந்த தடம் தெளிந்த நீரில் எவ்வாறு தெரியும் என்றான். அதன் கண்ணிலிருந்து நீர் வடிவதைக் கண்ட தன் பாட்டனார் மனம் பொறாது வலையை அறுத்து அதனை விட்ட கதையையும் சொன்னான். "ஐயா, அதைக் கடற்பசு எண்டு சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டினம் என்ன?" என்று கேட்டான். புள்ளி பெற்ற மாணவனையும் பின்னர் ஒருமுறை சந்தித்தேன். படத்தைத் தவிர வேறொன்றும் அவன் அறிந்திலன்.

அவனைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. ஓர் அயற்பெயரைச் சரியாக ஒலிப்பது ஐந்து நிமிடப் பயிற்சி; அது யாரும் கற்கத் தக்கது. அந்தப் பெயருக்குரிய பொருளை அறிவது தலைமுறை தலைமுறையாகத் தேடிய செல்வம். முன்னதிற் பிழைத்தவனை நகைத்து, பின்னதைப் பேசவிடாமல் அடைப்பது கல்வியாகாது. அன்று அந்த அவையில், களப்பின் கரையில் மூன்று தலைமுறை கண்ட அறிவு வாய் திறவாமல் அமர்ந்துவிட்டது. இழப்பு அந்த மாணவனுக்கு மட்டுமன்று. கேட்டிருக்க வேண்டிய அனைவர்க்குமே.

எது சரியான பெயர்?

அவ்வாறாயின், ஆங்கில ஒலிப்பைக் கற்க வேண்டா என்பது என் கருத்தோ எனின், அன்று. ஆங்கிலத்திற் பேசும்போது ஆங்கிலேயர் விளங்கிக்கொள்ளும்படி 'டூகொங்' அல்லது 'டியூகொங்' என்று திருத்தமாக ஒலிப்போம். தமிழிற் பேசும்போதும் எழுதும்போதும் கடற்பசு என்போம், ஆவுளியா என்போம். மொழிக்கு ஏற்ற பெயரை இடமறிந்து வழங்குதலே சரியான உச்சரிப்பின் முதற்படி.

கடற்பசு என்பதையும் கடல் பசு எனப் பிரித்து எழுதாது, புணர்ச்சியறிந்து எழுதுக. நிலைமொழி ஈற்று லகரம் வல்லினம் வர றகரமாகத் திரிந்தது. ஆவுளியா என்னும் சொல்லை அகராதியிற் காணாத காரணத்தால் கொச்சை என்று தள்ளுதலும் ஆகாது. இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் ஒருங்கு வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். அவரே மரபியலில், விலங்குகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர் ஆகியவற்றைத் தொகுத்து, கடலில் வாழும் சுறாவின் ஆணையும் ஏறு எனலாம் என்றார். கடல்விலங்கின் பெயரை நெய்தல்நில மக்களிடமிருந்து கேட்டுப் பெறுதல் தமிழ் மரபே.

இது வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதன்று. இலங்கையிற் கடற்பசு 1970 ஆம் ஆண்டு முதல் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனைக் கொல்வதும் விற்பதும் குற்றம். ஆயினும் செவுள் வலையிற் சிக்கி மூச்சுத்திணறி இறப்பனவும், வெடிவைத்து மீன்பிடிப்பதால் அழிவனவும், கடற்புற்றரைகள் சிதைவதால் உணவிழப்பனவும் உள. 70 ஆண்டு வரை வாழவல்ல இவ்விலங்கு, 13 மாதத்துக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழாண்டு செல்லும். ஒன்றை இழந்தால் ஈடு செய்வதற்கு நெடுங்காலம் வேண்டும். கரையில் வலை பின்னுபவரிடம் சென்று 'டியூகொங்கைக் காப்பாற்றுக' என்றால், ஒலிப்பு எத்துணைத் திருத்தமாயினும் அது அவர் செவியிற் புகாது. 'ஆவுளியா வலையிற் பட்டால் உடனே அவிழ்த்து விடுங்கள்' என்றால் புகும். தமிழ்நாட்டு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை இவ்விலங்குக்கென ஒதுக்கியபோது, அதனைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்றே தமிழில் அழைத்தமை பாராட்டத் தக்கது.

வடபசிபிக்குக் கடலில் வேறொரு பெருங்கடற்பசு வாழ்ந்தது. 1741 இல் ஸ்ரெல்லர் என்னும் இயற்கையறிஞர் அதனைக் கண்டு எழுதினார். அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. வேட்டையாடுவோர் அதனை 1768 ஆம் ஆண்டளவில் ஒன்றும் எஞ்சாமல் அழித்துவிட்டனர். கண்டெழுதியதற்கும் அழிந்ததற்கும் இடையே 27 ஆண்டுகளே. இன்று அப்பெயரை எவ்வளவு செம்மையாக ஒலித்தாலும், அழைத்தால் திரும்பிப் பார்க்க அவ்விலங்கு இல்லை.

மாணவர்களே! ஆங்கிலத்தைச் செவ்வையாகக் கற்றுக்கொள்ளுங்கள். நா நுனியை எங்கே வைப்பது, ஙகரத்தை எங்கே நிறுத்துவது என்பதைத் தமிழிலக்கணமே உங்களுக்குச் சொல்லித்தரும். பிழைபட ஒலிப்பவனை நகையாதீர்கள். அவன் சொல்ல வந்ததை முதலிற் கேளுங்கள். பழைய மாணவர்களே! நீங்கள் இளமையில் உடப்பிலும் கற்பிட்டியிலும் களப்பின் கரையிலும் பெரியோர் வாயாற் கேட்ட மீன், பறவை, விலங்கு ஆகியவற்றின் பெயர்களை எழுதி வையுங்கள்; உங்கள் பிள்ளைகளுக்கும் நம் கல்லூரி நூல்நிலையத்துக்கும் கொடுங்கள். அவற்றை எவ்வாறு ஒலிப்பது என்று சொல்ல வல்லவர் உங்களையன்றி வேறெவருமிலர்.